மலைக்கு உள்ள பாக்கி

ஹயாவோ மியாசாகியின் 'இளவரசி மோனோனோகே' 1997-இல் வெளிவந்தது. அது ஒரு பன்றியோடு தொடங்குகிறது. மலையிலிருந்து வெறிகொண்டு இறங்கும் அந்தப் பெரும் பன்றியின் உடலெங்கும் கரும்புழுக்கள் நெளிகின்றன. அது மிதித்த புல் கருகுகிறது. எமிஷிக் குடியைச் சேர்ந்த அஷிடாகா என்ற இளைஞன் ஊரைக் காப்பதற்காக அதை அம்பெய்து கொல்கிறான். அதன் சாபம் அவன் கையில் ஏறிக்கொள்கிறது. செத்துக்கொண்டிருக்கும் பன்றியின் முன்னால் ஊர்க் கிழவி மண்டியிட்டு வணங்குகிறாள். மேடு எழுப்பி முறைப்படி வழிபடுகிறோம், எங்கள்மேல் வன்மம் கொள்ளாதே என்று வேண்டுகிறாள். பிறகு அதன் உடலில் கிடைத்த இரும்புக் குண்டை ஊரார் முன்னால் வைக்கிறாள். தொலைவில் எங்கோ ஓர் இரும்பு உலையில் வார்க்கப்பட்ட குண்டு அது. இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் பொதுவாகச் சொல்வது, காட்டுத் தெய்வம் இயற்கையின் கோபக்குரல் என்பதுதான். அந்த வாசிப்பு பாதிதான் சரி. கிழவி அங்கே இயற்கையைப் போற்றிக்கொண்டிருக்கவில்லை. யாரோ செய்த தவறுக்குத் தன் ஊர் எவ்வளவு பொறுப்பு, அதற்கு எதைக் கொடுத்தால் விவகாரம் தீரும் என்று பேசிக்கொண்டிருக்கிறாள். ஊராருக்கும் மலை, மர, நீர்த் தெய்வங்களுக்கும் நடக்கும் சந்திப்புகள் பெரும்பாலும் இத்தகைய கொடுக்கல் வாங்கல்களே என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். இதை ஜப்பானிய அனிமேவைவிடத் தெளிவாகக் காட்டும் நிலம் குற்றால மலையடிவாரத்தில், ஆய்க்குடியையும் அதைச் சுற்றியுள்ள தென்காசி, நெல்லைச் சீமையையும் ஒட்டிக் கிடக்கிறது.

முதலில் அனிமேவையே இன்னும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். 2008-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நட்சுமே யூஜின்சோ' தொடரில் வழியோரச் சிறு கோயிலொன்றில் ஒரு குட்டித் தெய்வம் குடியிருக்கிறது. அது உண்மையில் ஊரூராய்த் திரிந்து வந்து அங்கே தங்கிய ஓர் ஆவி. வறட்சிக் காலத்தில் யாரோ ஒருவர் அங்கே வேண்டிக்கொள்ள, தற்செயலாக மழை பெய்கிறது, ஊரார் படையல் வைக்கத் தொடங்குகிறார்கள், அது தெய்வமாகிவிடுகிறது. பிறகு படையல் குறையக் குறைய அதன் உருவமும் சிறுத்து உள்ளங்கை அளவாகிறது. கடைசியாக வணங்கிவந்த மூதாட்டி இறந்ததும் அதுவும் போய்விடுகிறது. 2001-இல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில் குளியல் விடுதிக்கு நாறும் சேற்று உருவமாக ஒரு விருந்தாளி வருகிறது. அதன் விலாவில் குத்தியிருந்ததைச் சிஹிரோ என்ற சிறுமி பற்றி இழுத்தால் ஒரு சைக்கிள் வருகிறது, அதன் பின்னே ஊர்க் குப்பையெல்லாம் வருகிறது. வந்தது ஓர் ஆற்றுத் தெய்வம். துப்புரவு ஆனதும் அது சும்மா போகவில்லை: தரையில் பொன்னை விட்டுச் செல்கிறது, சிறுமியின் கையில் ஒரு மருந்துருண்டையைக் கொடுத்துவிட்டுப் போகிறது. கொடுத்தால் திருப்பிக் கொடுக்கும், மறந்தால் மறையும். இரண்டு கதைகளிலும் உறவின் இலக்கணம் இதுதான்.

'முஷிஷி' இதற்கு மறுப்பாக நிற்காதா என்று கேட்கலாம். யூகி உருஷிபாராவின் சித்திரக்கதையிலிருந்து 2005-இல் உருவான அந்தத் தொடரில் வரும் 'முஷி'களுக்கு நோக்கமே கிடையாது. அவை கோபிப்பதில்லை, அருள்வதும் இல்லை. நோய்க்கிருமிபோல அவை தம் போக்கில் வாழ்கின்றன. கின்கோ என்ற நாடோடி வைத்தியன் ஊர் ஊராகப் போய் நோய்க்குறி பார்க்கிறான். நோக்கமில்லாத ஒன்றோடு கணக்கு ஏது? ஆனால் அதே தொடரில் ஒரு விதையின் கதை வருகிறது. பஞ்ச காலத்தில் அதை வயலில் புதைத்தால் அந்த ஆண்டு அமோக விளைச்சல். அறுவடை முடிந்ததும் ஊரில் ஓர் உயிர் போகும். விதையை வைத்திருப்பவர் ஊரின் வழிபாட்டுத் தலைவர். யாருக்கும் சொல்லாமல் அவரே அதை நட்டு, போகும் உயிரின் பாரத்தையும் சுமக்கிறார். முஷிக்கு நோக்கம் இல்லாவிட்டாலும் ஊருக்கு விலை தெரிந்தே இருக்கிறது. ஆக, எதிரே நிற்பது கடவுளா கிருமியா என்பது இரண்டாவது கேள்விதான். எடுத்ததற்கு என்ன ஈடு என்பதே முதல் கேள்வி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் விலக்கிவிடலாம். ஜப்பானியர் என்றென்றைக்கும் இயற்கையை வணங்கியவர்கள், அதனால்தான் அவர்களுடைய படங்களில் மரத்துக்கு மரம் தெய்வம் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. வரலாறு அப்படி இல்லை. 1906-இல் மெய்ஜி அரசு ஊர்ச் சிறு கோயில்களை ஒன்றோடொன்று இணைக்க ஆணையிட்டது. பல்லாயிரம் கோயில்கள் மூடப்பட்டன, அவற்றைச் சூழ்ந்த தோப்புகள் வெட்டி விற்கப்பட்டன. மினகாட்டா குமாகுசு என்ற அறிஞர் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். அவர் எழுதிய கடிதங்களை யானகிடா குனியோ 1911-இல் அச்சிட்டுப் பலருக்கும் அனுப்பினார். தோனோ வட்டாரத்தின் ஆவிக்கதைகளை 1910-இல் நூலாக்கிய அதே யானகிடாதான். போருக்குப் பின் புறநகரங்கள் மலைகளைத் தின்றன. தாமா குன்றுகளில் எழுந்த புதுநகரத்தை எதிர்த்து ரக்கூன் நாய்கள் போராடித் தோற்பதை இசாவோ தகஹாதா 1994-இல் 'பொம் பொகோ'வாக எடுத்தார். ஆக, அனிமேவின் ஆவிகள் பெரும்பாலும் இழந்த பின் நினைத்துப் பார்க்கப்பட்டவை. உறவு அறுந்த இடத்திலிருந்து அந்தப் படங்கள் பேசுகின்றன. நெல்லைச் சீமையில் அந்த உறவு இன்னும் ஆடி மாதத்திலும் பங்குனி மாதத்திலும் வண்டி பிடித்துப் போய்த் தீர்க்கப்படும் உறவாக இருக்கிறது. ஒப்பிட வேண்டிய காரணமே இதுதான்.

மேக்கரையில் மலையிலிருந்து இறங்கும் அனுமன் நதியின் குறுக்கே நிற்கும் அணைக்கு அடவிநயினார் கோவில் அணை என்று பெயர். பொதுப்பணித் துறை கட்டிய அணைக்கே கோயிலின் பெயர்தான் நிலைத்திருக்கிறது. அந்த நதி வயல்களுக்குப் பாய்ந்து வரும் வழியில் ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலின் படித்துறையைத் தொடுகிறது. தலக்கதை எளிமையானது. மல்லபுரம் குளத்தைத் தூர் வாரியபோது முருகன் சிலை கிடைத்தது. கண்டெடுத்தவர் அதை ஆட்டுத் தொழுவத்தில் வைத்தார். முருகன் கனவில் வந்து, ஆடுகளின் கால் தன்மேல் படுகிறது, அரச மரத்தடியில் வை என்றார். இன்றும் அங்கே அரசு, வேம்பு, மாவிலங்கு, மாதுளை, கறிவேப்பிலை என ஐந்து மரங்களைச் சேர்த்தே தெய்வ இருப்பாகச் சொல்கிறார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் படிப்பாயசம் வைக்கிறார்கள். ஆற்றுப் படிகளைக் கழுவி, பாயசத்தைப் படியிலேயே ஊற்ற, ஊர்ப் பிள்ளைகள் குனிந்து அதை உண்கிறார்கள். பிள்ளைகள் வடிவில் முருகனே உண்பதாக நம்பிக்கை.

இந்தக் கதையில் தெய்வம் எங்கே கிடைத்தது என்பது முக்கியம். அடர்காட்டிலோ மலை உச்சியிலோ அன்று. மனிதர் வெட்டிய குளத்தின் வண்டலில், தூர் வாரும் வேலையின் நடுவில் கிடைத்தது. நன்றிக்கடன் செலுத்தும் இடமும் கருவறையைவிட ஆற்றங்கரையாகவே இருக்கிறது. குளத்தைத் தூர் வாருவது ஊர்க் கடமை. அந்தக் கடமையைச் செய்யும்போதுதான் சாமி கையில் தட்டுப்படுகிறார் என்று தலக்கதை சொல்வதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் இந்த மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் சாஸ்தா கோயில்கள் எத்தனை குளக்கரையிலும் மடைக்குப் பக்கத்திலும் இருக்கின்றன என்று பார்த்தவர்கள் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள். பங்குனி உத்திரத்தன்று சென்னையிலும் மும்பையிலும் பிழைக்கப்போன குடும்பங்கள் பொங்கல் பானையோடு வந்து இறங்குவது பெரும்பாலும் இந்தக் கரைகளில்தான். ஊரைவிட்டுப் போனாலும் எந்தக் குளத்து நீரைக் குடித்து வளர்ந்தோம் என்ற பதிவு குலதெய்வத்தின் பெயரில் காப்பாற்றப்படுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் அச்சன்கோவில் சாஸ்தாவிடம் பாம்பு கடித்தவரைக் கொண்டுபோனால் நள்ளிரவானாலும் நடை திறந்து, சாஸ்தாவின் கையிலிருந்து சந்தனம் எடுத்துக் கொடுப்பார்கள் என்பது மரபு. காட்டுக்குள் போய்ப் பிழைக்கிறவர்களுக்குக் காடு ஒரு கேடு செய்தால், அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பும் காட்டின் சாமிக்கு உண்டு. கணக்கு இரு பக்கமும் ஓடுகிறது.

இது பிற்காலத்தில் வந்த பழக்கமா? பொதிகை மலைச்சாரலை ஆண்ட ஆய் அண்டிரனின் ஆய்க்குடி இதுவே என்பது ஊர் மரபு. அறிஞர்களிடையே முழு உடன்பாடு இல்லை, இருக்கட்டும். ஆயின் நாடு என்று சங்கப் பாடல்கள் சுட்டும் மலைப்பகுதி பற்றி ஐயம் குறைவு. அகநானூற்றின் 198-ஆம் பாட்டில் பரணர் ஒரு தலைவனைப் பேசவைக்கிறார். நள்ளிரவில் வந்து கூடிப் பிரிந்தவள் மனிதப்பெண் அல்லள், ஆயின் நல்ல நாட்டில் கவிரம் என்னும் மலையில், பூ நிறைந்த சுனையில் உறையும் சூர்மகள் என்று அவன் நெஞ்சு சொல்கிறது. அஞ்சத்தக்க மலைப்பெண்ணாகவே அவளைக் காண்கிறான். காதலும் நடுக்கமும் பிரித்தறிய முடியாதபடி கலந்து நிற்கின்றன. ஆயைப் பற்றிய இன்னொரு செய்தி சிறுபாணாற்றுப்படையில் வருகிறது. நீலநாகம் தந்த அரிய ஆடையை அவன் ஆலமரத்தடியில் அமர்ந்த இறைவனுக்குக் கொடுத்துவிட்டான். பாம்பிடம் பெற்றதை மரத்தடித் தெய்வத்திடம் சேர்த்தது அவன் வள்ளன்மைக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது வேறொன்றையும் சொல்கிறது: இயற்கையின் ஒரு முனையிலிருந்து வந்த பொருளை அரசன் தன் கருவூலத்தில் வைத்துக்கொள்ளவில்லை, இன்னொரு முனைக்கு அனுப்பிவிட்டான். வைத்துக்கொள்வது அச்சத்துக்குரியதாக இருந்திருக்கலாம்.

அன்றே சந்தேகமும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தலைவி மெலிந்தால் மலைத்தெய்வம் தீண்டிற்று என்று வேலனை அழைத்து, கழங்கு போட்டுப் பார்த்து, ஆட்டை அறுத்து வெறியாடுவார்கள். நற்றிணை 34-இல் தோழி முருகனையே நேராகக் கடிந்துகொள்கிறாள்: இவள் நோய் உன்னால் வந்தது அன்று என்று தெரிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்து நிற்கிறாயே, கடவுளாக இருந்தாலும் நீ அறியாதவன்தான். வழிபாட்டை விடாமலே தவறான நோய்க்கணிப்பை நையாண்டி செய்யும் இந்த அறிவு, கின்கோவின் நிதானத்துக்கு ஈராயிரம் ஆண்டு மூத்தது. ஆவியை நம்பியவர்கள் ஆராயாதவர்கள் என்ற எண்ணத்துக்கு இது போதுமான பதில்.

இனிச் சொரிமுத்து அய்யனார். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றங்கரையில், காட்டுக்குள் இருக்கிறது கோயில். அங்கே பட்டவராயன் சன்னிதியில் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். புதுச் செருப்பு அது. அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், மண் ஒட்டியிருக்கும் என்கிறார்கள். இரவில் அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிக் காவல் பார்க்கிறார் என்பது நம்பிக்கை. இவர் யார் என்பதை வில்லுப்பாட்டு சொல்கிறது. முத்துப்பட்டன் என்ற பிராமணன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலப் பெண்களை மணக்க விரும்பினான். அவர்களுடைய தந்தை வாலப்பகடை போட்ட நிபந்தனைப்படி பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டான். திருமண இரவிலேயே ஆநிரை கவர்ந்தவர்களை எதிர்த்துப் போய் வஞ்சகமாகக் கொல்லப்பட்டான். மனைவியர் இருவரும் தீப்புகுந்தார்கள். நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது, அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், சக்கிலியர் வளர்த்தார்கள் என்று வரும் பகுதி பின்னால் நுழைத்தது என்று வாதிட்டார். சாதி மீறலைத் தாங்க முடியாதவர்கள் சாமியின் கதையிலும் கைவைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் பலமான மறுப்பு எழும். பட்டவராயன் இயற்கை ஆவியே இல்லை, கொலையுண்ட மனிதன். இசக்கியும் அப்படித்தான்: நகைக்காக ஒருவன் கொன்ற பெண், கள்ளிச்செடி சாட்சியாக நின்ற கதை. இவர்களைக் காட்டுத் தெய்வம், மரத் தெய்வம் என்று ஜப்பானிய ஆவிகளோடு சேர்ப்பது சரியா? வேறுபாடு உண்மைதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. சங்கப் பாட்டின் சூர்மகள் மலைக்கே உரியவள்; பிற்காலத் தெய்வங்களில் பெரும்பாலோர் செத்தவர்கள். ஆனால் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். கொலை நடந்த கள்ளிக்காட்டில், மேய்ச்சல் வழியில், மடையோரத்தில். நீர், மேய்ச்சல், வழி, நகை என்று எதையோ பங்கிடுவதில்தான் அவர்கள் உயிர் போனது. மியாசாகியின் பன்றியும் தானாகத் தீய தெய்வமாகவில்லை. அதன் உடலில் இருந்தது மனிதர் வார்த்த இரும்பு. அதை வார்த்த இரும்பாலையிலும் விலைமாதர் விடுதியிலிருந்து மீட்கப்பட்ட பெண்களும் தொழுநோயாளிகளும்தான் உழைக்கிறார்கள். காட்டை அழிப்பதில்தான் அவர்களுடைய சோறு இருக்கிறது. மனிதர் மனிதருக்கு வைத்த பாக்கியைக் காட்டின் பாக்கியிலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்பதை மியாசாகி ஒரு படத்தில் காட்டினார் என்றால், வில்லுப்பாட்டு அதைத் தலைமுறை தலைமுறையாகப் பாடியிருக்கிறது. அதுவும் சாதிப்பெயரோடு பாடியிருக்கிறது. அனிமேவின் கிராமங்களில் ஒரே தரத்து மக்கள் வாழ்வதுபோல ஒரு தோற்றம் இருக்கும். நெல்லையின் சாமிகளுக்கு யார் எந்தத் தெருவென்று தெரியும். 2022-இல் வந்த கன்னடப் படமான 'காந்தாரா'வும் துளு நாட்டின் தெய்வத்தை நில உரிமையின் சாட்சியாகவே நிறுத்தியது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். தெய்வம் என்பது வெறும் நீர் நிர்வாக ஏற்பாடு என்று சொல்லிவிட்டால் பக்தி எங்கே போயிற்று, அச்சம் எங்கே போயிற்று? நியாயமான கேள்வி. மடையைக் காக்கவே சாஸ்தாவை உருவாக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள், ஊர்க் குளத்துக்கு வரப்பே போதும், பானை நிறையப் பொங்கலும் விடியவிடிய வில்லுப்பாட்டும் எதற்கு என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பரணரின் தலைவன் சுனையருகே எந்த நிர்வாகத்தையும் நினைக்கவில்லை. நான் சொல்வது சிறிய செய்திதான்: அச்சம் முதலில் வருகிறது, அந்த அச்சத்தோடு நிரந்தரமாகக் குடித்தனம் நடத்த ஊர் கண்டுபிடித்த வழி படையலும் பங்கும். கடமையாகிவிட்டதால் பக்தி குறைந்துபோவதில்லை.

மூன்றாவது மறுப்புக்கு முழுமையான பதில் கிடையாது. சாமி காட்டைக் காக்கிறது என்றால், ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கானோர் சொரிமுத்து அய்யனார் கோயிலைச் சுற்றிக் குடில் போட்டுத் தங்குவதால் காட்டுக்கு ஆகும் கேடு என்ன? 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது கோயில். வனத்துறை ஆண்டுதோறும் கட்டுப்பாடு விதிப்பதும் பக்தர்கள் முறையிடுவதும் வழக்கமாகிவிட்டன. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகள் தாமிரபரணியின் கல்லிடுக்கெல்லாம் சிக்கிக் கிடக்கின்றன. 'ஸ்பிரிட்டட் அவே'யின் ஆற்றுத் தெய்வம் இங்கே வந்தால் சைக்கிளுக்குப் பதில் வேட்டியும் சேலையும்தான் வெளியே வரும். வழிபடுகிறவன் தானாகவே காவலன் ஆகிவிடுவான் என்று நம்புகிற சூழலியல் எழுத்து இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. நூறு குடும்பங்கள் நடந்து வந்த காலத்துப் படையலை லட்சம் பேர் பேருந்தில் வந்து அப்படியே செய்தால், அதுவே சாமியின் சொத்தை அழிப்பதாகும். பழைய முறையை அளவு தெரியாமல் செய்வது முறைகேடுதான்.

ஆனால் மலையை அழித்த பெருங்கணக்கில் பக்தர்களின் பங்கு சிறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே மலையில், சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு ஏறத்தாழ 8,374 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் அப்படித்தான் எழுந்தது. ஆடி அமாவாசைதோறும் அரச உடையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அமர்ந்து காட்சி தந்த ஜமீன் பரம்பரையின் கையெழுத்துதான் அந்தக் குத்தகையிலும் இருக்கிறது. குத்தகைக்குத் தேதி உண்டு, 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-இல், தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய உழைப்புக்கு மலை என்ன கொடுக்க வேண்டும் என்று அந்தக் குத்தகை ஆவணத்தில் இல்லை. மலைக்கு அவர்கள் என்ன கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. செருப்பு தேய்ந்த கணக்கைப் பார்க்கிற மரபும் பத்திரத்தில் தேதி பார்க்கிற மரபும் ஒரே மலையில் நூறாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. எது வென்றது என்பதில் ஐயமில்லை.

மியாசாகியின் மலைகளையும் நட்சுமேயின் குட்டித் தெய்வத்தையும் கைப்பேசியில் பார்த்து உருகும் இளைஞர்கள் தென்காசியிலும் ஆய்க்குடியிலும் நிறையவே இருப்பார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் அரசு அலுவலகங்களில் குளத்தின் கணக்கு நீர்வளத் துறையிடம் இருக்கிறது, கோயிலின் கணக்கு அறநிலையத் துறையிடம் இருக்கிறது. பட்டியலில் ஏறாத கரைச்சாமிகளின் கணக்கு எவரிடமும் இல்லை. உங்கள் ஊர்க் குளம் ஒவ்வொன்றின் கரையிலும் எந்தச் சாமி நிற்கிறது, எந்த மடைக்குப் பக்கத்தில், எந்தெந்தக் குடும்பங்கள் எந்த மாதம் என்ன படைக்கின்றன, யாரை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள், அந்தச் சாமி எப்படிச் செத்தார் என்று வில்லுப்பாட்டுக்காரர்களிடமும் பூசாரிகளிடமும் கேட்டு எழுதி வையுங்கள். குளத்தின் பெயரையும் சாமியின் பெயரையும் ஒரே தாளில் எழுதுங்கள்.